தனியாகச் சுமக்க வேண்டாம்



விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு குழந்தை அழுகிறது. எபிரேயரின் ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறிந்துவிட வேண்டும் என்பது பார்வோனின் கட்டளை. மோசேயின் தாய் தன் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. ஒவ்வோர் அழுகையும் வெளியே கேட்டுவிடுமோ என்று எப்படிப் பதறியிருப்பாள்! பிறகு கூடையைத் திறந்த பார்வோனின் மகள், அழும் குழந்தையைக் கண்டு இரங்கினாள். அக்காள் ஓடிவந்தாள். பெற்றவளே பாலூட்ட வந்து சேர்ந்தாள். ஓர் அழுகைக்கு மூன்று பெண்கள் கைகொடுத்தார்கள்.

இன்று நம் வீடுகளில் அந்த மூன்று பேர் எங்கே? பேறுகாலம் முடிந்து தாய் வீட்டிலிருந்து வந்த இளம்பெண், வேலைக்காகக் குடியேறிய ஊரில், வாடகை வீட்டில், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் கேட்கிறோம்: "புள்ள அழுகைய நிறுத்தவே மாட்டேங்குது சாமி, எனக்குப் பைத்தியம் புடிச்சுரும் போல இருக்கு." இதைச் சொல்வதற்கு எந்தத் தாயும், எந்தத் தகப்பனும் வெட்கப்பட வேண்டாம். இது அன்புக் குறைவு அல்ல, களைப்பு.

மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறந்து இரண்டு வாரத்திலிருந்து குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போகும். இரண்டாம் மாதத்தில் உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மாதங்களில் தணியத் தொடங்கும். பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் அதிகம். பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தும் அழுகை நிற்காமல் இருக்கலாம். நல்ல உடல்நலமுள்ள குழந்தையும் அப்படி அழும். அது உங்கள் வளர்ப்பின் குறை அல்ல. குழந்தையின் பிடிவாதமும் அல்ல.

ஆனால் ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. கோபத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. குழந்தையின் தலை பாரமானது, கழுத்தோ வலுவற்றது. சில நொடிகள் உலுக்கினாலும் மூளையிலும் கண்ணிலும் இரத்தம் கசியலாம். பார்வை போகலாம், வாழ்நாள் ஊனம் நேரலாம், உயிரே போகலாம். வெளியே ஒரு காயமும் தெரியாமல் இருக்கலாம். 1971-இல் பிரிட்டனின் நரம்பியல் அறுவை மருத்துவர் கத்கெல்ச் இதை எடுத்துச் சொன்னார். பொறுமை கடந்த ஒரு நொடி போதும் என்பதை எல்லாப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால், பொறுமை எல்லை மீறும்போது என்ன செய்வது? குழந்தையைத் தரையில் விரித்த பாயில், தலையணை இல்லாமல், மல்லாக்கக் கிடத்துங்கள். அறையை விட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள், அம்மாவையோ அக்காளையோ தொலைபேசியில் அழையுங்கள். ஐந்து, பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் அழுததால் குழந்தைக்குத் தீங்கு வராது. தூங்க வைக்க இருமல் மருந்து போன்ற எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல், பால் குடிக்காமை, வலிப்பு, மூச்சுத் திணறல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; அவசரமென்றால் 108-ஐ அழையுங்கள். யாராவது உலுக்கிவிட்டிருந்தால், அவமானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால்தான் பிள்ளைக்கு உரிய சிகிச்சை கிடைக்கும்.

அன்பார்ந்தவர்களே, கூடையில் அழுத அந்த மோசே வளர்ந்து பெரியவரானபின் ஆண்டவரிடம் முறையிடுவதை எண்ணிக்கை நூல் பதினோராம் அதிகாரத்தில் காண்கிறோம். மக்கள் எல்லாரும் அழுகிறார்கள். பால்குடிப் பிள்ளையைச் சுமப்பதுபோல் இவர்களை நான் ஒருவனாகவே மார்பில் சுமக்க வேண்டுமா, என்னால் முடியாது என்கிறார் அவர். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுமையைப் பங்கிட எழுபது மூப்பர்களைத் தந்தார். 'என்னால் முடியவில்லை' என்பதும் ஒரு செபம்தான். அதற்குக் கடவுள் தந்த பதில், கூடச் சுமக்கும் மனிதர்கள்.

அந்த மனிதர்கள் நாமாக இருக்க வேண்டும். தகப்பன்மாரே, இரவில் ஒரு வேளையாவது நீங்கள் பிள்ளையைத் தூக்குங்கள். மாமியார்மாரே, "நாங்க வளர்க்கலையா?" என்று கேட்பதைவிட, மருமகளை இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். அன்பியக் குடும்பங்களே, உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள். பெற்றவள் வாரக்கணக்கில் மனம் சோர்ந்து அழுதுகொண்டே இருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருப்பலியில் குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். 2014-ஆம் ஆண்டு சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பசித்து அழும் பிள்ளைக்கு அங்கேயே பால் கொடுக்கும்படி தாய்மாரிடம் சொன்னார்.

பெத்லகேமில் கைக்குழந்தையாக அழுத நம் ஆண்டவர், இரவில் கண்விழிக்கும் பெற்றோர் அனைவருக்கும் பொறுமையும் துணையும் தந்து காப்பாராக. ஆமென்.