கடலுக்குள் கட்டுமுன்



நான் ஜோகூரில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். கடலைப் பற்றிப் பேச ரப்பர்க் காட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. மறுநடவுக்காக மரங்களை வெட்டிப் போட்ட வருஷத்தில் மழை பெய்தால், தோட்டத்து ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஓடும். அந்த மண் ஆற்றுக்குப் போகிறது; ஆறு கடலுக்குப் போகிறது.

சிராங்கூன் ரோட்டிலிருந்து பீச் ரோட்டுக்கு நீங்கள் நடந்தே போய்விடலாம். பெயரில் கடற்கரை உண்டு, போய்ப் பார்த்தால் கடலைக் காணோம்! மண்ணைக் கொட்டிக் கொட்டி அதைத் தள்ளிவிட்டார்கள். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. வீடுகளும் விமான நிலையமும் துறைமுகமும் அந்த மண்மேல் நிற்கின்றன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இடமில்லாத ஊர் வேறென்ன செய்யும்? ஆனால் கொட்டுமுன் அடியிலே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தோமா?

பவளம் கல் அல்ல, உயிர். அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் சோறு போடுகிறது. கடலைத் தோண்டினாலும் நிரப்பினாலும் தண்ணீர் கலங்கும். கலங்கினால் வெளிச்சம் இறங்காது. பாசி பட்டினி கிடந்தால் பவளமும் பட்டினிதான். கடற்புல்லுக்கும் வெளிச்சம் வேண்டும். செமக்காவ் தீவில் குப்பைக் கிடங்குக்காக 7 கிலோமீட்டர் அணை கட்டியபோது, சேறு பவளத்தின் மேல் பரவாமலிருக்கக் கடலிலேயே திரை கட்டினார்கள். 1999-இல் கிடங்கு திறந்தது. அழிந்த சதுப்புநிலக் காட்டுக்கு ஈடாகப் புதிதாகக் கன்றும் நட்டார்கள்.

சேறு கண்ணுக்குத் தெரியும், சத்தம் தெரியாது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் பாயும். ஐரோப்பாவில் கடற்காற்றாலைக்கு இரும்புத் தூண் அடிக்கும்போது, ஓங்கிலைப் போன்ற ஒரு சிறு பிராணி பல கிலோமீட்டர் தள்ளி ஓடிவிடுகிறது. அதனால் ஜெர்மனியில் தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழிகளைத் திரைபோல எழுப்பிச் சத்தத்தை அடக்குகிறார்கள். தூண் நின்றுவிட்டால் அதிலே சிப்பி ஒட்டும், மீனும் கூடும். தொல்லை பெரும்பாலும் கட்டும் காலத்தில்தான். தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கு இந்திய அரசு 2024-இல் நிதியுதவி ஒப்பியிருக்கிறது. கடற்பசு மேயும் புல்வெளிகளும் பவளத் தீவுகளும் உள்ள கடல் அது. எந்த மாதத்தில், எந்த இடத்தில் தூண் அடிப்பார்கள் என்பதை அங்குள்ள மீனவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சிங்கப்பூரில் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. புலாவ் ஊபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா இருக்கிறது. அதை நிரப்ப 2001-இல் எல்லாம் தயார். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். மணல் திட்டு, பாறை, கடற்புல், சதுப்புநிலக் காடு எல்லாம் ஒரே கரையில்! நட்சத்திர மீனும் கடல் வெள்ளரியும் காலடியிலேயே கிடந்தன. ஆர்வலர்கள் உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தன, கடிதங்கள் போயின. 2001 டிசம்பரில் அரசாங்கம் வேலையைத் தள்ளி வைத்தது. காப்பாற்றியது பெரிய வாதம் அல்ல, கண்ணால் பார்த்ததுதான் என்று எனக்குப் படுகிறது.

இனி எங்கள் பக்கத்துக் கதை. 2006 முடிவிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் பெருவெள்ளம். ஆற்று நீர் அளவுக்கு மிஞ்சி நீரிணையில் இறங்கியதால் உப்பு குறைந்து, செக் ஜாவாவில் கடற்பஞ்சும் நட்சத்திர மீனும் ஏராளமாக மடிந்தன. நிரப்பாமல் விட்ட கடலுக்கு, மேலே எங்கள் மண்ணிலிருந்து வந்த சோதனை அது! அதே 2007-இல்தான் பார்வையாளர்களுக்குப் பலகை நடைபாதை அங்கே திறக்கப்பட்டது.

பிள்ளைகளே, அடுத்த பள்ளி விடுமுறையில் தண்ணீர் வற்றும் நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொண்டு, அப்பா அம்மாவோடு சாங்கியில் படகு ஏறுங்கள். தமிழ் வகுப்பு நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.