ஆறு புள்ளி தந்த சுதந்திரம்

பட்டிமன்றத் தலைப்பு: இன்றைய அறிவியல் கருவிகள் மனிதனுக்குத் தந்திருப்பது சுதந்திரமே! சோம்பேறித்தனமே!
'சுதந்திரமே' அணியின் இரண்டாவது பேச்சு

   

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தங்கச்சி ரொம்ப வேதனைப்பட்டாங்க. "இன்னைக்கு எவனைப் பாத்தாலும் செல்போனையே பாத்துக்கிட்டிருக்கான். கட்டின பொண்டாட்டி முகத்தைப் பாக்கறதில்லை, பெத்த பிள்ளை முகத்தைப் பாக்கறதில்லை"ன்னு சொன்னாங்க. தங்கச்சி, உங்க முன்னாடி நிக்கிற இந்த அண்ணன் ஒரு நாள், ஒரு நிமிஷம்கூட செல்போனைப் பாத்ததில்லைம்மா! (சிரிப்பு, கைதட்டல்) நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ஆனா தினமும் அதுலதான் எழுதறேன். எப்படி எழுதறேன், எதுக்கு எழுதறேன்? அதைச் சொல்லி முடிச்சா, என் அணி ஜெயிச்ச மாதிரிதான்.

நடுவர்: ஜெயிச்சதா இல்லையான்னு நான் சொல்லணும் சார். அந்த ஒரு வேலையாவது எனக்கு விடுங்க! (சிரிப்பு)

விட்டுட்டேன் அய்யா! விஷயத்துக்கு வர்றேன்.

மார்கழி மாசம் நம்ம வீட்டு வாசல்ல அம்மா புள்ளி வச்சுக் கோலம் போடுவாங்க. அதுல நின்னவாக்குல ரெண்டு வரிசை, வரிசைக்கு மூணு புள்ளி. மொத்தம் ஆறே புள்ளி. இடப்பக்கம் மேலிருந்து கீழே ஒண்ணு, ரெண்டு, மூணு. வலப்பக்கம் நாலு, அஞ்சு, ஆறு. இதுல எந்தப் புள்ளி மேடா இருக்கு, எது இல்லைங்கறதை வச்சு 63 வடிவம் பண்ணலாம். அதுதான் பிரெயில். உலகத்துல இருக்கிற பார்வையற்றவங்களோட நெடுங்கணக்கு.

இதைக் கண்டுபிடிச்சவர் பிரான்ஸ் நாட்டு லூயி பிரெயில். 1809 ஜனவரி 4-ல் பிறந்தவர். அப்பா குதிரைக்குச் சேணம் தைக்கிறவர். மூணு வயசுப் பிள்ளை அப்பாவோட பட்டறையிலே குத்தூசியை எடுத்து விளையாடிச்சு. ஊசி ஒரு கண்ணிலே ஏறிடுச்சு. அந்தப் புண் மத்தக் கண்ணுக்கும் பரவி, அஞ்சு வயசுக்குள்ள ரெண்டு பார்வையும் போச்சு. எங்க கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். உளி பிடிக்கிற வீட்டுல பிள்ளையை வளர்க்கிற தாய்க்குத்தான் அந்த வயித்தெரிச்சல் புரியும்.

ஆனா அய்யா, எந்த ஊசி கண்ணைக் குத்திச்சோ, அதே மாதிரி ஒரு ஊசியைக் கையிலே பிடிச்சு, காகிதத்தைக் குத்தி, 1824-ல் பதினஞ்சு வயசுல இந்த எழுத்தை உண்டாக்கினார் அந்தப் பிள்ளை! (பலத்த கைதட்டல்) 1852-ல் செத்துப் போனார். அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1854-ல்தான் பிரான்ஸ் நாடு அதை முறைப்படி ஏத்துக்கிச்சு. நம்ம நாட்டுல 1951-ல் எல்லா மொழிக்கும் பொதுவா பாரதி பிரெயில்னு ஒரு முறை வந்துச்சு. நம்ம தமிழும் அதுலதான் இருக்கு.

தமிழுக்கு அது எவ்வளவு அழகாப் பொருந்துது தெரியுமா? 'அ'ங்கறது ஒண்ணாம் புள்ளி மட்டும். 'க'ங்கறது ஒண்ணும் மூணும். 'கா' எழுதணுமா? 'க' போட்டு, பக்கத்துல 'ஆ' போடு. மெய்யும் உயிரும் சேர்ந்தா உயிர்மெய். நம்ம இலக்கண வாத்தியார் சொன்ன அதே கணக்கு! மெய்யெழுத்துக்குத் தலையிலே புள்ளி வைக்கணும்னு தொல்காப்பியர் சொன்னாரே, அந்தப் புள்ளியும் உண்டு. நாலாம் புள்ளி. ஒரே வித்தியாசம், நீங்க எழுத்தை எழுதிட்டுப் புள்ளி வைப்பீங்க. நாங்க புள்ளியை வச்சுட்டு எழுத்தை எழுதுவோம். 'அம்மா'ன்னு எழுத எனக்கு அஞ்சு எட்டு: அ, புள்ளி, ம, ம, ஆ. அவ்வளவுதான், அம்மா வந்துட்டாங்க! (கைதட்டல்)

நான் படிச்ச காலத்துல இதை எழுதறதுக்குச் சட்டமும் ஸ்டைலஸ்ங்கற ஊசியும்தான். தடிமனான தாளை மாட்டி, வலமிருந்து இடமா, கண்ணாடியிலே தெரியற மாதிரித் திருப்பிக் குத்தணும். அப்பத்தான் தாளைப் புரட்டினா நேரா வரும். பெர்கின்ஸ் பிரெய்லர்னு ஒரு தட்டச்சு இயந்திரமும் உண்டு. 1951-ல் வந்தது. அருமையான கருவி. ஆனா நாலே முக்கால் கிலோ! கச்சிராயபாளையம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வர்றவன் அதை எங்க வச்சு எழுதறது? கண்டக்டர் அதுக்கும் லக்கேஜ் டிக்கெட் கேப்பார். (சிரிப்பு)

அப்புறம் செல்போன் வந்துச்சு. பட்டன் போன் இருந்த வரைக்கும் தடவிப் பாத்து அழுத்தினோம். கண்ணாடித் திரை வந்ததும் வழவழன்னு ஆயிப் போச்சு. தடவினா எல்லா இடமும் ஒண்ணுதான். அப்ப எங்களுக்குக் கை கொடுத்தது பேசற போன். புனேயில் பிறந்து, 14 வயசுல பார்வையை இழந்து, பெரிய கணினி விஞ்ஞானியான டி.வி.ராமன் மாதிரியான ஆளுங்க அதுக்காக உழைச்சாங்க. 2009-ல் ஆண்ட்ராய்டு போன்ல டாக்பேக் வந்துச்சு. விரல் வைக்கிற இடத்துல என்ன இருக்குன்னு போன் படிச்சுச் சொல்லும்.

சரி, போன் பேசிடுச்சு. நாங்க எழுதறது எப்படி? "வாயால சொல்லுங்க, அதுவே எழுதிக்கும்"னாங்க. எதிரணி அண்ணன் சோம்பேறித்தனம்னு சொன்னாரே, அந்த இடம் இதுதான். நானே ஒத்துக்கறேன்.

நடுவர்: என்ன சார், சொந்த அணிக்கே குழி வெட்டறீங்க?

குழி இல்லைங்க அய்யா, அஸ்திவாரம்! (சிரிப்பு, கைதட்டல்)

வாயால சொல்லி எழுதறதுல மூணு கஷ்டம். முதல் கஷ்டம் எழுத்துப் பிழை. கேட்டுக் கேட்டே பழகின பிள்ளைக்கு, எந்த லகரம், எந்த ளகரம்னு விரலுக்குத் தெரியாமப் போயிடுது. நான் தமிழாசிரியர். 'பள்ளிக்கு விடுமுறை'ன்னு ஒரு பையன் சொன்னான். 'பல்லிக்கு விடுமுறை'ன்னு போன் எழுதிச்சு. சுவத்துல இருக்கிற பல்லிக்கு எதுக்குய்யா விடுமுறை? (பலத்த சிரிப்பு)

ரெண்டாவது கஷ்டம் சிக்னல். வாயால சொல்லி எழுத பெரும்பாலும் இணையம் வேணும். எங்க கல்வராயன் மலையிலே கோமுகி ஆறு தாராளமா இறங்கி வரும்; சிக்னல்தான் ஏற மாட்டேங்குது.

மூணாவதுதான் அய்யா பெரிய கஷ்டம். வாயால சொன்னா ஊரே கேக்கும்! பஸ்ஸுல உட்கார்ந்து என் மனைவிக்கு, "கோபமா இருக்கியா கண்ணு?"ன்னு சொன்னேன்னு வைங்க, முன் சீட்டுக்காரர் திரும்பி, "எனக்கு எதுக்கு சார் கோபம்?"பார். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. சிரிக்காத ஒண்ணும் சொல்றேன். ஒரு அலுவலகத்துல, பணம் சம்பந்தப்பட்ட ஒரு வேலை. "ரகசிய எண்ணைச் சொல்லுங்க சார், நானே போட்டுக்கறேன்"னு கவுன்டர்ல இருந்தவர் சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். எனக்குப் பின்னால வரிசையிலே பத்துப் பேர். சத்தமாச் சொல்ற எண் எப்படி அய்யா ரகசிய எண் ஆகும்?

பார்வை இல்லாதவனுக்குப் பரிதாபப்பட நிறையப் பேர் இருக்காங்க. சோறு போட, சாலையைக் கடந்து விட, கையெழுத்து எங்கே போடணும்னு காட்ட, எல்லாத்துக்கும் நல்லவங்க இருக்காங்க. ஆனா அவனுக்கும் ஒரு ரகசியம் இருக்கும்னு யாருக்கும் தோணறதில்லை. அவன் கடிதத்தை இன்னொருத்தர் எழுதணும்; வந்த கடிதத்தை இன்னொருத்தர் படிக்கணும். அடுத்தவன் வாயும் கண்ணும் இல்லாம ஒரு வரி எழுத முடியலைன்னா, அந்த மனுஷனுக்கு என்ன சுதந்திரம் இருக்கு?

அங்கேதான் அந்த ஆறு புள்ளி திரும்பி வந்துச்சு. 2012-ல் அமெரிக்காவிலே ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் தொடுதிரையிலே பிரெயில் எழுதிக் காட்டினாங்க. பிரெயில் தெரிஞ்சவங்க நிமிஷத்துக்கு 32 சொல் வரைக்கும், 92 சதவீதம் சரியா எழுதினாங்க. 2014-ல் ஐபோன்லயே அந்த வசதி வந்தது. 2020 ஏப்ரல்ல ஆண்ட்ராய்டு போனுக்கும் பிரெயில் விசைப்பலகை வந்தது. தனியா ஒரு பைசா கிடையாது.

நான் இதைக் கத்துக்கிட்டது 46 வயசுல. போனைப் படுக்கை வாட்டத்துல பிடிக்கணும். திரை என்னைப் பாக்கக் கூடாது, எதிர்ல இருக்கிறவரைப் பாக்கணும். ரெண்டு உள்ளங்கையும் ரெண்டு ஓரத்துல. இடது கை மூணு விரல் ஒண்ணு, ரெண்டு, மூணு. வலது கை மூணு விரல் நாலு, அஞ்சு, ஆறு. ஒரு எழுத்துக்கு வேண்டிய விரலையெல்லாம் ஒரே நேரத்துல வச்சு எடுக்கணும். எடுத்தா எழுத்து விழும். ஒரு விரலால வலப்பக்கம் தள்ளினா இடைவெளி, இடப்பக்கம் தள்ளினா அழியும். விரல் இடம் மாறிப் போனா, ஆறையும் சேர்த்து அழுத்திப் பிடிச்சா, "உன் விரல் இங்கேதான் இருக்கா, சரி"ன்னு போன் தெரிஞ்சுக்கும். எந்த மொழிப் பிரெயில்னு அமைப்புல தேர்ந்தெடுக்கணும். லிப்லூயின்னு, லூயி பிரெயில் பேரையே வச்ச ஒரு இலவச மென்பொருள்ல தமிழ் அட்டவணையும் இருக்கு.

முதல் வாரம் போன் மடியிலே விழுந்துக்கிட்டே இருந்தது. ரெண்டாவது வாரம் கட்டை விரல் வலிச்சுது. தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம், மூணு மாசம். எதிரணி அண்ணே, இதுவா சோம்பேறித்தனம்? (கைதட்டல்) பஸ்ஸுல நான் இப்படிப் போனைத் திருப்பிப் பிடிச்சு எழுதினா, எதிர் சீட்டுக்காரர் தன்னைப் போட்டோ எடுக்கறேன்னு நினைச்சுத் தலையை வாரிக்கிட்டாராம். பக்கத்துல இருந்த பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். (பலத்த சிரிப்பு)

பல்லி, பள்ளி சொன்னேனே? அதோட அழகைக் கேளுங்க. பிரெயில்ல 'ல'ங்கறது ஒண்ணு, ரெண்டு, மூணு. 'ள'ங்கறது நாலு, அஞ்சு, ஆறு. இடது கையை வச்சா பல்லி; வலது கையை வச்சா பள்ளி! என் மாணவன் இப்ப ஜென்மத்துக்கும் மாத்த மாட்டான். கேட்டுக் கேட்டு மறந்த எழுத்தை, எந்தப் போன் மறக்கடிச்சதோ அதே போன் விரல் நுனிக்குத் திருப்பிக் கொடுத்திடுச்சு. (கைதட்டல்)

கடைசியா ஒண்ணே ஒண்ணு. வெள்ளிமலைப் பக்கத்து மலைக்கிராமத்துப் பொண்ணு. ஒன்பதாவது படிக்குது. பார்வை கிடையாது. கீழே கள்ளக்குறிச்சியிலே விடுதியிலே தங்கியிருக்கு. அம்மா, அப்பா வேலைக்காக வெளி மாநிலம் போயிட்டாங்க. விடுதிக் கூடத்துல முப்பது பிள்ளைங்க. போன்ல பேசினா அத்தனை பேரும் கேப்பாங்க. வயசுக்கு வந்த பொண்ணு, அம்மாகிட்ட மட்டும் சொல்றதுக்குன்னு நூறு விஷயம் இருக்கும். அது யாரைக் கூப்பிட்டு, "அக்கா, இதை எழுதிக் குடு"ன்னு கேக்கும்?

அந்தப் பிள்ளைக்குப் பிரெயில் தெரியும். போன்ல எழுதறதை நான் சொல்லிக் கொடுத்தேன். என்னை மாதிரி மூணு மாசம் ஆகலை, மூணு வாரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போற பஸ்ஸுல, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, சிக்னல் இல்லாத இடத்துல உட்கார்ந்து எழுதியிருக்கு. திங்கட்கிழமை கீழே இறங்கி சிக்னல் கிடைச்சதும் தானே போயிடுச்சு. அம்மா போன் அதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கு. அன்னைக்கு ராத்திரி அம்மா கூப்பிட்டாங்களாம். மறுநாள் அந்தப் பிள்ளை என்கிட்ட வந்து, "அம்மாவுக்கு எழுதினேன் சார்"னு மட்டும் சொல்லிச்சு.

என்ன எழுதிச்சுன்னு எனக்குத் தெரியாது அய்யா. நான் கேக்கலை. எனக்குத் தெரியக் கூடாது. அதுதான் என் கட்சி! (நீண்ட கைதட்டல்)

அண்ணே, தங்கச்சி, கருவி உங்களைச் சோம்பேறி ஆக்குதுன்னா, நீங்க அதுகிட்ட வேலையை ஒப்படைச்சிட்டீங்கன்னு அர்த்தம். வேலையை நாம செய்ய, வழியை மட்டும் அதுகிட்ட கேட்டா, அது விடுதலை. அரங்கத்துல இருக்கிற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பார்வையில்லாத பிள்ளை கையிலே போன் கொடுத்துட்டு, "இனிமே பிரெயில் எதுக்கு?"ன்னு மட்டும் கேக்காதீங்க. போனையும் கொடுங்க, ஆறு புள்ளியையும் கத்துக் கொடுங்க. கேக்கறதுக்குக் காது இருக்கு. எழுதறதுக்கு எழுத்து வேணும்.

ஆகவே நடுவர் அவர்களே, கருவிகள் தந்திருப்பது சுதந்திரமே, சுதந்திரமே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.  (பலத்த கைதட்டல்)