சுவரை வைத்துத்தான் சித்திரம்

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, எதைப் பத்தி வேணும்னாலும் பேசு" என்றார். தலைப்பைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சிவில் படிச்சுட்டு பெயின்டிங் பத்தியா பேசப் போறே?" என்றார். அண்ணா, நான் பேசப் போவது சுவரைப் பற்றித்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். எங்கள் தொழிலில் அதற்கு நேர் அர்த்தமே போதும்.

எட்டு வருடமாக நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். பாலம், தடுப்புச் சுவர், மதகு என்று வயதான கான்கிரீட் கட்டுமானங்களைப் பார்த்து, தட்டி, அளந்து அறிக்கை எழுதுவது வேலை. இந்த வேலையில் சின்னச் சின்ன ஊர்களின் கடைத்தெருக்கள் நிறையப் பழக்கமாகிவிட்டன. பெரும்பாலும் ஒரே கதைதான். ஆலை மூடியிருக்கும், கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கும், ஜனங்கள் ஊருக்கு வெளியே உள்ள பெரிய அங்காடிக்குக் காரில் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்கள் பல கடந்த நாற்பது வருடத்தில் கையில் எடுத்த ஒரு வைத்தியம், கடைத்தெருச் சுவரில் ஓவியம், முக்குக்கு முக்கு சிலை. அது பலித்ததா என்றுதான் பேசப் போகிறேன். அதற்கு ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன். போர்ட்ஸ்மவுத். ஒஹாயோ ஆறும் சயோட்டோ ஆறும் சேரும் இடம்.

1937 ஜனவரியில் ஒஹாயோ ஆற்றில் வந்தது மாதிரி வெள்ளம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போர்ட்ஸ்மவுத்தில் தண்ணீர் 74 அடிக்கு ஏறியது. அப்போதே அங்கே ஒரு பழைய வெள்ளத்தடுப்புச் சுவர் இருந்தது. அது உடைந்து ஒரேயடியாக வெள்ளம் பாய்வதைவிட நாமே மெதுவாக உள்ளே விட்டுவிடலாம் என்று நகர நிர்வாகம் சாக்கடை மதகுகளைத் திறந்துவிட்டது. தம்பிகளே, இதை ஒரு டிசைன் முடிவாக யோசித்துப் பாருங்கள். தன் கடைத்தெருவைத் தானே மூழ்கடிப்பது! சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். சுவர் சரிந்திருந்தால் உயிர்ச்சேதத்துக்குக் கணக்கே இருந்திருக்காது.

அதன் பிறகு ராணுவப் பொறியாளர் படை உயரமான புதுச் சுவரைக் கட்டியது. 1964 வெள்ளத்தில் அது ஊரைக் காப்பாற்றியது. ஆனால் ஊரிலிருந்து ஆறு மறைந்துவிட்டது. ஆற்றால் உண்டான ஊர், படகால் பிழைத்த ஊர். அதன் முன்தெருவில் நின்றால் எதிரே 20 அடி உயரத்துக்குச் சாம்பல் நிறக் கான்கிரீட், வேறொன்றும் இல்லை. ஜெயில் மதில் மாதிரி. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது. எங்கள் எஸ்டிமேட்டில் அந்த விலைக்குக் கலம் கிடையாது.

ஊரும் இளைத்துக்கொண்டே வந்தது. 1930 கணக்கெடுப்பில் 42,000 பேருக்கு மேல். 2020-ல் 18,000 சொச்சம். செருப்புத் தொழிற்சாலைகள் போயின. எஃகு ஆலை 1980-ல் மூடியது. 1929-ல் திறந்த 'ட்ரீம்லேண்ட்' என்ற பெரிய நீச்சல் குளம் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கோடைக்காலமே. அது 1993-ல் மூடப்பட்டது. அதே 1993-ன் வசந்தத்தில்தான் சுவரில் முதல் ஓவியம் ஆரம்பமானது. அதற்கு முந்தைய வருடம் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து லாபநோக்கமில்லாத ஒரு அமைப்பு தொடங்கி, லூசியானாவைச் சேர்ந்த ராபர்ட் டாஃபர்ட் என்ற சுவரோவியரை அமர்த்தினார்கள். உள்ளூர் ஓவிய மாணவர் ஹெர்ப் ரோ உதவியாளராகச் சேர்ந்து பதினைந்து வருடம் அவரோடு வேலை செய்தார். பத்து வருடத்தில், 2003-க்குள், 2,000 அடிக்கு மேல் நீளத்துக்கு அறுபதுக்கும் அதிகமான ஓவியங்கள்.

என்ன வரைந்தார்கள்? ஊரின் கதை. வெள்ளைக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே பூர்வகுடிகள் எழுப்பிய மண்மேடுகளில் தொடங்குகிறது. பிறகு படகுகள், ரயில், செருப்பு ஆலை, எஃகு உலை, 1937 வெள்ளம். போர்ட்ஸ்மவுத் ஸ்பார்டன்ஸ் என்று ஒரு கால்பந்து அணி இருந்தது. 1934-ல் டெட்ராய்ட்டுக்குக் குடிபோய் 'லயன்ஸ்' என்று பேர் மாற்றிக்கொண்ட அதே அணி. ஊரை விட்டுப் போனவர்களுக்கும் சுவரில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய கடைத்தெருவை வரைந்த இடத்தில் தெரு சுவருக்குள்ளேயே நீண்டு போவது போலத் தோன்றும். கிட்டப் போனால்தான் கான்கிரீட்டின் சொரசொரப்பு தெரியும். எனக்கு ஓவியம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மட்டமான 20 அடிச் சுவரில் ஆழத்தைக் காட்டுவது லேசான சமாசாரமில்லை என்று டிராயிங் கிளாஸில் கஷ்டப்பட்ட எவனுக்கும் தெரியும்.

இனி நம்ம சப்ஜெக்ட். இந்த மாதிரிச் சுவர் ஒரே துண்டாக இருக்காது. துண்டு துண்டாக வார்த்து, நடுவில் இணைப்பு விட்டு, தண்ணீர் கசியாமல் தடுப்புப் பட்டை வைத்திருப்பார்கள். கான்கிரீட் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பத்து பங்கு நீளும். 10 மீட்டர் துண்டு, குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்றால் 5 மில்லிமீட்டர் அசைவு. எந்தப் பெயின்டும் இணைப்பின் மேல் அவ்வளவு இழுபடாது, கீறிவிடும். ஆகவே யாருடைய முகமும் இணைப்பின் மேல் வராதபடி ஓவியத்தைப் பிரிக்க வேண்டும். இது ஓவியரும் பொறியாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

அடுத்தது ஈரம். மண்ணிலிருந்தும் ஆற்றுப் பக்கமிருந்தும் சுவருக்குள் ஏறும் ஈரம் உலர்வதற்கு ஊர்ப் பக்கம்தான் வெளியே வரப் பார்க்கும். வரும்போது சுண்ணாம்பு உப்பையும் கூடக் கொண்டுவரும். நம் வீட்டில் பழைய சுவர் பொரிந்து உப்புப் பூப்பது போலவேதான். மூச்சுவிடாத பிளாஸ்டிக் மாதிரிப் பெயின்டை அடித்தால் கொப்புளம் கிளம்பும், உள்ளே சிக்கிய தண்ணீர் உறைந்து தோலோடு உரியும். ஈரத்தை வெளியே விடுகிற பூச்சு வேண்டும், அதற்கு முன் சுவரை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். சொல்ல ஒரு வரி, செய்தால் அதுவே பாதி வேலை.

திசையும் முக்கியம். போர்ட்ஸ்மவுத் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. அதனால் ஓவியம் உள்ள முகம் வடக்கே பார்க்கிறது. வெயில் குறைவு, நிறம் சீக்கிரம் வெளுக்காது, ஆனால் ஈரம் காய நாளாகும். இதே டாஃபர்ட் 1996-லிருந்து கென்டக்கி மாநிலம் படூகாவில் வரைந்தார். அதுவும் 1937-ல் மூழ்கிய ஊர், அதுவும் வெள்ளச் சுவர். ஆனால் ஊர் தென்மேற்குக் கரையில். சாயங்கால வெயில் முழுக்க ஓவியத்தின் மேல். ஒரே கை, ஒரே மாதிரிச் சுவர், வியாதி மட்டும் வேறு வேறு.

எனக்கு உறுத்தலாக இருந்த கேள்வி ஒன்று உண்டு. இது அலங்காரச் சுவர் இல்லை, உயிர் காக்கும் சுவர். ஆய்வாளன் பார்க்க வேண்டிய மயிரிழை விரிசலைப் பெயின்ட் மூடிவிடாதா? மூடும். அதில் சந்தேகமில்லை. ஆனால் 2005-ல் நியூ ஆர்லியன்ஸில் கால்வாய்ச் சுவர்கள் சாய்ந்தது முகத்து விரிசலால் இல்லை, அடியில் மண் வழுக்கியதால். நாங்கள் கவலையோடு பார்ப்பது சாய்வு, இணைப்பில் ஏற்படும் விலகல், அடியில் கசிவு, இவற்றைத்தான். அங்கே ஓவியம் உதவியே செய்கிறது. இரண்டு துண்டுகளைக் கடந்து போகிற ஒரு கூரை விளிம்பையோ தண்டவாளத்தையோ நேர்கோடாக வரைந்திருந்தால், ஒரு துண்டு கொஞ்சம் இறங்கினாலும் கோடு பிசகும். கருவியே வேண்டாம், தினமும் அந்த வழியாக நடக்கிற கிழவருக்கே தெரியும். சாம்பல் சுவரை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் பழுது பார்க்கும் நாள் வரும்போது சங்கடம். இணைப்பை வெட்டித் திறந்தால்தான் தடுப்புப் பட்டையை மாற்ற முடியும். வெட்டுவது இப்போது வெறும் கான்கிரீட்டை இல்லை, யாரோ ஒருவரின் தாத்தா வேலை செய்த ஆலையை. ஓவியத்துக்காகப் பழுதைத் தள்ளிப்போடுகிற நாள் வந்தால் அது ஆபத்து. இதை முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்: யார் வெட்டலாம், யார் திரும்ப வரைவது, பணம் எங்கிருந்து. அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டம் ஒன்று ஓவியரின் அனுமதி இல்லாமல் அழிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. நியூயார்க்கில் ஒரு கட்டட உரிமையாளர் 2013-ல் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டு, 2018-ல் 67 லட்சம் டாலர் கட்டும்படி தீர்ப்பு வாங்கினார். நம் ஊரில் கட்சிக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் சுவரை 'ரிசர்வ்' செய்து அடிப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இந்த யோசனைக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டுவது கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள ஷமைனஸ். 1982-ல் முதல் ஓவியங்கள், 1983-ல் மர ஆலை மூடல். இன்று நாற்பதுக்கு மேல் ஓவியங்கள், பார்க்க வெளியூர்க் கூட்டம். அங்கே பெரும்பாலும் தனியார் கட்டடச் சுவர்கள். கட்டடம் கைமாறினால் ஓவியத்தின் கதி புது முதலாளி கையில். சிலைக்கு அந்தத் தொல்லை இல்லை. கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் 1984-லிருந்து கடைத்தெரு முக்குகளில் சிற்பங்களைச் சிற்பிகளிடமே ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கி வைக்கிறார்கள். பிடித்தால் ஊர் விலைக்கு வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் லாரியில் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். கெட்டிக்கார ஏற்பாடு. வெள்ளச் சுவரை லாரியில் ஏற்ற முடியாதே.

சரி, பலித்ததா? உள்ளதைச் சொல்கிறேன். போர்ட்ஸ்மவுத்துக்கு ஆலை திரும்பி வரவில்லை. ஓவியம் வரைந்துகொண்டிருந்த அதே வருடங்களில்தான் வலிமாத்திரை போதை அந்த ஊரைப் பிடித்தது. அதைப் பற்றிப் புத்தகமே வந்திருக்கிறது. வண்ணம் அதைத் தடுக்கவில்லை. ஓவியம் வைத்தால் வியாபாரம் பெருகும் என்று யாராவது உங்கள் நகராட்சியில் வந்து சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் நான் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிமுகமில்லாத ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்து வந்தார். எஃகு உலை ஓவியத்தின் முன் நின்று தன் வேலை எந்த இடத்தில் நடந்தது என்று கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் நிறுத்திச் சொன்னார். ஆலையே இல்லாத ஊரில் அதை வேறெங்கே நின்று காட்டுவார்? ஜெயில் மதிலாக இருந்தபோது அந்தத் தெருவில் அவருக்கு நிற்கவே காரணம் இருந்திருக்காது. ஓவியத்தால் அந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

1997 மார்ச்சில், ஓவியம் பாதி முடிந்திருந்தபோது, ஒஹாயோ மறுபடி பெருகியது. சுவரின் கதவுகளை அடைத்தார்கள். ஒரு பக்கம் ஆற்று வெள்ளம், மறு பக்கம் வண்ணங்கள். சுவர் தாங்கியது. தண்ணீர் வடிந்த பிறகு வேலை தொடர்ந்தது, இன்னும் ஆறு வருடம்.

சுவரின் படங்கள் சில கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் சிவில் பிளாக் முதல் மாடியில் காட்டுகிறேன். இணைப்பு விவரம் கேட்க நினைக்கும் தம்பி தங்கைகள் பேப்பரும் பென்சிலும் எடுத்து வாருங்கள், வரைந்தே காட்டிவிடலாம்.