காற்றில் ஒரு பாலம்



பாலம் என்றதும் ஆற்றின்மேல் கல்லாலோ இரும்பாலோ கட்டிய ஒன்றே நம் நினைவுக்கு வரும். தூணும் இல்லாத, கம்பியும் இல்லாத, கண்ணுக்கே புலனாகாத ஒரு பாலத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இரண்டு ரேடியோக் கருவிகளை ஒன்றையொன்று நோக்குமாறு நிறுத்தி, இரண்டு ஊர்களில் உள்ள கணிப்பொறிகளை ஒரே கட்டடத்தில் இருப்பவைபோல இணைப்பதே அந்தப் பாலம்.

இதற்குத் தேவை எங்கே எழுகிறது? எங்கள் மணிமுத்தாற்றையே எடுத்துக்கொள்வோம். 1950-களின் பிற்பகுதியில் எழுந்த அணை மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து. பறவைக்கு அவை அருகில்தான். நமக்கோ வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. இத்தகைய இடங்களுக்குக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. இழுத்த கம்பியும் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அறுந்துபோகும். அலைக்குப் பாதை வேண்டியதில்லை, பார்வை வேண்டும்.

இத்தகைய இணைப்புகளில் பயன்படும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். இவ்வளவு குறுகிய அலை குன்றை வளைந்து தாண்டாது. ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிதல் வேண்டும். அதுவும் போதாது. அலை நூலிழைபோலச் செல்வதில்லை. நடுவில் பருத்தும் முனைகளில் மெலிந்தும், வெள்ளரிக்காய் வடிவான வெளியை நிரப்பிச் செல்கிறது. அந்த வெளிக்குப் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் பெயரால் பிரெனெல் மண்டலம் என்று பெயர். பத்துக் கிலோமீட்டர் இணைப்பில் நடுவழியில் அதன் ஆரம் ஏறத்தாழ 11 மீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருத்தல் நலம். மரக்கிளைகள் அதற்குள் நீண்டால் இணைப்பு தளரும். நடுவே மலைமுகடு குறுக்கிட்டால், அதன் உச்சியில் ஓர் இடைநிலையம் அமைத்து, ஒரு பாலத்தை இரண்டாக்க வேண்டும்.

அமைக்கும் முறையைச் சொல்கிறேன். இரண்டு ரேடியோக்களையும் முதலில் ஒரே அறையில் வைத்து, அலைவரிசை, பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பொருத்தி, பேசுகின்றனவா என்று பார்த்த பிறகே கோபுரத்தில் ஏற்ற வேண்டும். முனைக்கு ஒருவர் நின்று, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆன்டெனாவை மெல்லத் திருப்ப வேண்டும். அலையின் வலிமை எதிர்க்குறி எண்ணாகத் தோன்றும். −80-ஐவிட −60 வலியது. ஆன்டெனாவுக்கு முதன்மைக் கதிரோடு மெலிந்த பக்கக் கதிர்களும் உண்டு. அவற்றில் ஒன்றைப் பிடித்துவிட்டு அதுவே உச்சம் என்று நிறுத்திவிடக் கூடாது. எண் இறங்கும் வரை திருப்பி, மீண்டும் உச்சத்துக்கு வர வேண்டும்.

இன்னொரு நுட்பம் உண்டு. வைஃபை முறையில் ஒரு கருவி செய்தி அனுப்பியதும், "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். இம்முறையை வகுத்தவர்கள் கட்டடத்துக்குள் செய்தி போய்வரும் காலத்தையே மனத்தில் கொண்டார்கள். பத்துக் கிலோமீட்டர் போய்வர அலைக்கு ஏறக்குறைய 67 மைக்ரோவினாடி ஆகும். அதற்குள் அனுப்பிய கருவி பொறுமையிழந்து, செய்தி தொலைந்தது என்றெண்ணி மீண்டும் அனுப்பும். பாலம் நெரிசலில் திணறும். ஆகவே காத்திருக்கும் காலத்தை நீட்ட வேண்டும். அல்லது இரு முனைகளும் முறைவைத்துப் பேசச் செய்ய வேண்டும்.

இந்த உண்மை நம் தமிழ்நாட்டிலேயே பயன் தந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஐந்து கண் பரிசோதனை மையங்களை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழு இவ்வகை இணைப்புகளால் மருத்துவமனையோடு சேர்த்தது. 2006-இல் அம்முயற்சி உலகறிந்த செய்தியாயிற்று. மையத்தில் உள்ள பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசித் தீர்மானிப்பார். அறுவை தேவையா என்று அறிய மட்டும் ஒரு கூலித் தொழிலாளி ஒருநாள் ஊதியத்தை இழந்து பேருந்தேற வேண்டியதில்லை. முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டை அக்குழுவினர் 2007-இல் விளக்கி எழுதினார்கள். அவ்வாண்டிலேயே வெனிசுவேலாவில் இரு மலைகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் இணைப்பும் கைகூடியது.

ஆனால் தேனியில் பெருந்தொல்லை தந்தது தொலைவன்று, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென ஏறுவதும் இறங்குவதும் கருவிகளைக் கெடுத்தன. கடல்கடந்து வந்த நிபுணர் திரும்பிச் சென்றபின் பாலத்தைக் காப்பவர் யார்? அவ்வூர்ப் பணியாளர்தாம். ஆகவே அவர்களுக்குப் பயிற்சி தருவதும் வேலையின் பெரும்பகுதியாயிற்று. கருவி வாங்கித் தந்துவிட்டு ஆளைப் பயிற்றாமல் விட்டால், அடுத்த இடிமழையோடு பாலம் முடிந்துவிடும். அதை நம்பிய நோயாளி மீண்டும் பேருந்து நிலையத்தில் நிற்பார்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களிலும் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் அரசு இசைந்தது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளும் விரிவாகத் திறந்துவிடப்பட்டன. குறித்த ஆற்றல் வரம்புக்குள் நின்றால், ஒரு கல்லூரி மாணவர் குழுவே ஆசிரியர் துணையோடு இதைச் செய்துபார்க்கலாம். அவ்வாறு செய்வீர்களாயின், உங்கள் கல்லூரி மாடியில் நிற்கும் ஆன்டெனாவோடு நிறைவடைந்து விடாதீர்கள். எதிர்முனைக் கிராமத்துக்குச் சென்று, அங்குள்ள ஒருவருக்கு அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.