வசைப் பெயரைச் சுமப்பதா, எறிவதா?

(செவ்வாய்ப்பேட்டையில் சுமைத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



"அவர்களே தங்கள் ஜாதிப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கேலியாகக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அதையே நாங்கள் சொன்னால் மட்டும் ஏன் கோபம்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். இதற்குப் பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

1893-ல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தச் சொல்லை மேல்ஜாதியார் வசையாக வீசினார்களோ, அதையே கொடியாகத் தூக்கிப் பிடித்தார். பிறப்பை மறைத்து வாழ்கிறவன், எப்போது வெளிப்படுமோ என்று தினம் தினம் அஞ்சிச் சாகிறான். அதை அவனே உரக்கச் சொல்லிவிட்டால், அவனைப் பயமுறுத்த எதிரியிடம் என்ன மிச்சம்?

அயோத்திதாசப் பண்டிதரோ இந்த வழியை ஏற்கவில்லை. பகைவர் சுமத்திய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. நமது சேலம், நாமக்கல் பக்கத்து அருந்ததியர் மக்களும் பழைய இழிபெயரைத் தள்ளியவர்களே. 2009-ல் 3 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் அருந்ததியர் என்ற பெயரிலேயே வந்தது.

இரண்டு வழியிலும் இருப்பது ஒரே மான உணர்ச்சிதான். ஆனால் ஒருவருக்கு மருந்தாகும் சொல் இன்னொருவருக்குப் பழைய புண்ணைக் கீறும். மகன் மார்தட்டிச் சொல்லும் பெயரைக் கேட்டு, அதே பெயரால் அடிபட்ட தகப்பன் கூனிக் குறுகலாம். ஆகவே சுமப்பதா, எறிவதா என்று தீர்மானிக்கும் உரிமை அடிபட்டவர்களுக்கே உண்டு. வேறு ஜாதியில் பிறந்தவர் அதை விளையாட்டாகச் சொன்னாலும், ஆண்டையின் குரலாகத்தான் காதில் விழும். பட்டியல் ஜாதியில் சேராத ஒருவர் பொதுமக்கள் பார்வையில் ஜாதிப் பெயரால் ஏசுவது, 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சி அல்ல, தொழிலாளர் ஐக்கியத்தை எண்ணி நாவை அடக்குங்கள்.

பெயர் மாத்திரம் விடுதலை தராது. 1940-களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ்த் திரண்டு சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து நின்றபோதுதான், தலைமுறை தலைமுறையான பயம் தெளிந்தது.

லீ பஜாரில் இனி அந்தச் சொல் வசையாகவோ கேலியாகவோ வந்தால், ஏசப்பட்டவர் வாய் திறக்கும்வரை காத்திராதீர்கள். பக்கத்தில் மூட்டை சுமப்பவர் முதலில் தட்டிக் கேட்கட்டும்!