கூந்தலும் கவிதையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு புறநகரில் பத்தாண்டுக் காலம் மாதந்தோறும் தவறாமல் கூடிக் கவிதை பேசுவது எளிய செயலன்று. கொரட்டூர் ஏரி நிறைந்து தெருவில் தண்ணீர் நின்ற மாதங்களிலும் இந்த வட்டம் கூடியிருக்கிறது. அந்த உழைப்புக்கு முதலில் என் பாராட்டு.

'மகளிர் ஒப்பனையும் கவிதையும்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. ஒப்பனை என்றதும் சிலர் முகங்களில் புன்முறுவல் தோன்றுகிறது. நாட்டில் எத்தனையோ சிக்கல்கள் இருக்க, சடைப் பின்னலைப் பற்றியா பேசுவது என்று தோன்றலாம். ஆனால், ஒரு பெண் தன் தலையில் பூ வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பதை அவளல்லாத பிறர் தீர்மானிக்கின்ற ஒரு சமூகத்தில், சடைப் பின்னல் சிறிய பொருளன்று. அதனை விளக்குவதே என் நோக்கம்.

நாம் வாழும் வட்டாரத்தின் பெயர்களையே பாருங்கள். வடமேற்கே சிறிது தொலைவில் திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாகத் தலவரலாறு கூறும் ஊர். மேற்கே பூவிருந்தவல்லி, காஞ்சி வரதருக்குப் பூத்தொண்டு செய்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். பூவின் பெயரால் அழைக்கப்படும் ஊர்களுக்கு நடுவே நாம் குடியிருக்கிறோம். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பிறகு இப்பகுதி எந்திரங்களின் ஊராகவும் ஆயிற்று. பூவும் எந்திரமும் சந்திக்கும் இடம் எது என்று கேட்டால், காலைநேர மின்தொடர் வண்டியின் மகளிர் பெட்டி என்பேன்.

அப்பெட்டியை அறிந்தவர்கள் அதனை ஓர் ஒப்பனைக்கூடம் என்றே சொல்வர். வீட்டில் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஓடிவந்து ஏறிய பெண்கள் வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையில்தான் தங்கள் தலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். பல்லிடுக்கில் கொண்டை ஊசியைக் கடித்தபடி ஒருவர் பின்னுகிறார். இரண்டு முழம் மல்லிகை நான்கு தலைகளுக்குப் பங்காகிறது. ஏற்றுமதி ஆடை ஆலைகளில் தைக்கும் பெண்கள் இவர்களுள் பலர். வெளிநாட்டார் அணியப்போகும் சட்டைகளைப் பகலெல்லாம் தைக்கிறவர்கள், தாங்கள் எப்படித் தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நேரம் அந்தச் சில நிமிடங்களே. ஆலைக்குள் நுழைந்ததும் தலைத்துணி கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். எந்திரத்தருகில் விரிந்த கூந்தல் ஆபத்து என்பது உண்மையே. மாலை வரையில் யார் கண்ணிலும் படாத ஒரு பின்னலை அவர்கள் ஏன் அத்தனை அக்கறையோடு பின்னுகிறார்கள்? இக்கேள்வியைக் கவிஞர்கள் கேட்டிருக்க வேண்டும்.

நம் இலக்கியம் கூந்தலை எவ்வளவோ பாடியிருக்கிறது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாக முடிக்கப்படுவதால் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே பெயரிட்டனர் என உரையாசிரியர்கள் விளக்குவர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றைப் பறித்துப் பாறையில் குவிப்பவர்கள் தலைவியும் தோழியருமே. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலை ஆட்டிப் புகையூட்டிப் பகுத்து முடிக்கும் முறையை இளங்கோவடிகள் ஒரு கைவினைஞரின் நுட்பத்தோடு எழுதியிருக்கிறார். அதே காப்பியத்தில் கண்ணகி விரித்த கூந்தலோடு பாண்டியன் அவையில் நிற்கிறாள். முடித்த கூந்தல் ஒரு மொழி. விரித்த கூந்தல் மற்றொரு மொழி. பாரதியாரின் பாஞ்சாலியும் தன் சபதத்தைக் கூந்தலின் மீதே வைத்தாள்.

ஆண்டாளை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. இறைவனுக்கென்று தந்தை கட்டிவைத்த மாலையைத் தான் சூடி அழகு பார்த்த பெண் அவள். மாலையில் சிக்கியிருந்த முடியே அவளைக் காட்டிக்கொடுத்தது என்று மரபு சொல்கிறது. ஒப்பனை செய்துகொண்டு தன்னைத் தான் பார்த்து மகிழ்ந்ததைக் குற்றமாகக் கருதாத பெண்ணை நம் மரபு தெய்வமாக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் சாய்ந்த கொண்டை இன்றும் அவள் அடையாளமாக விளங்குகிறது.

ஆயினும் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பாடல்களில் பெரும்பாலும் கூந்தல் உண்டு. பின்னும் கை இல்லை. கருமேகம், இருள், கருமணல் என்று உவமை அடுக்கினோம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று இறைவனும் நக்கீரரும் வாதிட்ட கதையை மேடைதோறும் சுவைத்தோம். 1965-இல் 'திருவிளையாடல்' படம் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்த வழக்கில் ஒரு பெண்ணையாவது சாட்சியாக அழைத்தார்களா? சீயக்காயும் அரப்பும் இடித்தவளிடம் கேட்டிருந்தால் விடை எளிதில் கிடைத்திருக்கும்.

நம் காலத்துக்கு வருவோம். 1985-இல் 'பூவே பூச்சூடவா' வெளிவந்தபின் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைகளில் பொருள்கள் பெயர்பெற்றன. அதனைக் கேலி செய்தவர்கள் உண்டு. அதேபோல் 1983-இல் கடலூரிலிருந்து 'சிக்' ஷாம்பு சிறு பாக்கெட்டில் வந்தது. பாட்டில் வாங்க இயலாத வீட்டுப் பெண்ணும் சில்லறைக் காசுக்கு ஒரு நாள் தலைக்குளியலை வாங்க முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் அரைத்துக் குளிக்க நேரமில்லாத, வேலைக்குச் செல்லும் பெண்ணின் வாழ்க்கையில் அது ஒரு மாற்றம். இலக்கியத்தில் அந்த மாற்றம் எங்கே பதிவாகியிருக்கிறது?

இவ்விடத்தில் தொலைவில் உள்ள ஒரு நாட்டைத் துணைக்கு அழைக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில், ஒஜேகெரே என்னும் நிழற்படக் கலைஞர் (1930 - 2014) வாழ்ந்தார். நாடு 1960-இல் விடுதலை பெற்றபின், 1968 முதல் அவர் பெண்களின் தலைப்பின்னல்களைப் படமெடுக்கத் தொடங்கினார். தெருவில், திருமண வீட்டில், அலுவலகத்தில் கண்ட பின்னல்கள் அவை. பெரும்பாலான படங்களில் பெண்ணின் முகம் தெரியாது. பின்தலை மட்டுமே சிற்பம்போல் நிற்கும். அந்தப் பின்னல்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. யொருபா மொழியில் 'பாட்டேவோ' என்றால் கைகொட்டுதல்; இருபுறப் பின்னல்களும் உச்சியில் இரு கைகள்போல் வந்து சந்திக்கும். 'ஒனிலே கொகோரோ' என்பது உயர்ந்த வீட்டை நினைவூட்டும் பெயர். நகரில் மாடிகள் எழுந்த காலத்தில் பெண்களின் தலையிலும் மாடி எழுந்தது. ஊரில் நிகழ்வதைத் தலையில் எழுதிவைக்கும் வழக்கம் என்று இதனைச் சொல்லலாம். நதியா கம்மலைக் கேலி செய்தவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டிக் காலத்தைக் குறித்துவைப்பது கவிஞரின் தொழில் அல்லவா? அதனைப் பெண்கள் தாமாகவே செய்து வந்திருக்கிறார்கள். அந்நாட்டு எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சி, 2013-இல் வெளியிட்ட 'அமெரிக்கானா' நாவலில், தலைமுடி பின்னும் கடையில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் நீண்ட நேரத்தையே கதையின் இருக்கையாக அமைத்துக்கொண்டார்.

நமக்கும் அவர்களுக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. நம் கொரட்டூர் வழியே செல்லும் இதே இருப்புப்பாதையில்தான் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்கிறோம். அங்கே காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. திருமலையில் 2011 முதல் மின்னணு ஏலமே நடக்கிறது. தெருவில் வருபவரிடம் நம் வீட்டுப் பெண்கள் சீப்பில் சேர்ந்த முடியைக் கொடுத்துப் பாத்திரமோ ஊசியோ வாங்குவதும் நாம் அறிந்ததே. இவையெல்லாம் தரம் பிரிக்கப்பட்டுச் சவுரியாகவும் பொய்முடியாகவும் கடல் கடக்கின்றன. இந்திய முடி என்றால் ஆப்பிரிக்க நகரங்களில் மதிப்பு மிகுதி. இங்கே ஒரு தாய் தன் குழந்தையின் நலம் வேண்டி இறக்கிய முடி, அங்கே ஒரு பெண்ணின் திருமண நாள் அழகாக மாறக்கூடும். இருவரும் ஒருவரையொருவர் அறியார். கவிதைக்குரிய பொருள் இதைவிட வேறு என்ன வேண்டும்?

அழகைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அது மறுக்கப்படும் இடத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கணவனை இழந்த பெண் கூந்தல் களைந்த காட்சி புறநானூற்றிலேயே உண்டு. நைஜீரியாவின் இக்போ மக்களிடையேயும் சில பகுதிகளில் கைம்பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கம் இருந்து வந்துள்ளது. இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மக்கள், பெண்ணுக்குத் தண்டனை தர ஒரே இடத்தையே தேர்ந்தெடுத்தனர். சகோதரி சுப்புலட்சுமி (1886 - 1969) இளம் வயதில் கைம்பெண் ஆனபோது, அவர் பெற்றோர் அவருடைய தலையை மழிக்க மறுத்தார்கள். அந்த ஒரு மறுப்பிலிருந்து ஒரு பட்டதாரியும், ஐஸ் ஹவுஸில் இளம் கைம்பெண்களுக்கான இல்லமும், பல பள்ளி ஆசிரியைகளும் தோன்றினர். தந்தை பெரியாரோ, நீண்ட கூந்தலே பெண்ணுக்குச் சுமை, ஆண்களைப்போல் கத்தரித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவர் கூந்தலைக் காத்தார். ஒருவர் வெட்டச் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் கருதவில்லை. தலை அவளுடையது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

மழித்தல் மறைந்துவிட்டது, பூத்தடை மறையவில்லை. 'கைம்பெண்' என்னும் சொல்லில் இரண்டு பொட்டுகள் இருக்கின்றன என்று மேடைகளில் நயம்படச் சொல்லிக் கைதட்டல் பெறுகிறோம். எழுத்துக்குக் கிடைத்த பொட்டு அந்தப் பெண்ணின் நெற்றிக்குக் கிடைத்ததா? 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தில் ஒரு கைம்பெண் கோயிலுக்குள் நுழைவதைத் தடுத்த வழக்கில், சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாகரிகச் சமூகத்தில் இதற்கு இடமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

நம் வட்டத்து உறுப்பினர் ஒருவர், தம்முடன் வண்டியில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி என்னிடம் கூறினார். ஆடை ஆலையில் தைப்பவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. பெட்டியில் பூ பங்கிடும்போது தொடக்கத்தில் அவரைத் தாண்டியே பூ சென்றதாம். ஒரு நாள் மூத்த பெண் ஒருவர், ஒன்றும் பேசாமல் ஒரு துண்டைக் கிள்ளி அவர் பின்னலில் செருகிவிட்டார். அன்றிலிருந்து அவர் நாள்தோறும் பூ வைத்துக்கொள்கிறார். மாலையில் கொரட்டூர் வருமுன் எடுத்துக் கைப்பையில் உள்ள சோற்றுப் பாத்திரத்தின்மேல் வைத்துவிடுகிறார். தெருவுக்குள் பூவில்லாமல் போகிறார். பெட்டிக்குள் ஒருத்தி, தெருவில் வேறொருத்தி.

கவிஞர்களே, அந்தப் பூவை அவர் எடுக்கும் கணத்தில் அவர் மனம் எவ்வாறு இருக்கும் என்பதை எழுதுங்கள். மேகம், இருள் என்னும் பழைய உவமைகள் அங்கே உதவா. அவர் பின்னலைப் பின்னும் கையை, ஊசியைக் கடித்த பல்லை, ஒரு முழத்தைப் பங்கிடும் விரல்களை உற்றுப் பாருங்கள். ஆண் கவிஞர்கள் கேட்டு எழுதுங்கள். பெண் கவிஞர்கள் தயங்காமல் எழுதுங்கள். ஒப்பனை என்பது பிறர் பார்ப்பதற்கு மட்டும் ஆவதன்று. நான் இருக்கிறேன், இப்படி இருக்க விரும்புகிறேன் என்று ஒருவர் நாள்தோறும் இடும் கையொப்பம் அது.

கவிதை எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. இந்த வட்டத்தின் கூட்டங்களுக்கு வருவோர்க்கு வாயிலில் பூவும் சந்தனமும் கொடுப்பது நம் வழக்கம். அடுத்த ஆண்டிலிருந்து, தட்டை ஏந்தி நிற்பவர் எந்தப் பெண்ணின் நெற்றியையும் பார்த்துவிட்டுத் தட்டை விலக்காமல் இருக்கட்டும். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். நீட்டுவது நம் கடமை. பதினோராம் ஆண்டை அவ்வாறு தொடங்குவோம்.