பிரிந்தபின் பிறக்கும் சுழற்சி
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

நெசவால் பெயர்பெற்ற ஊர் சின்னாளப்பட்டி. முறுக்கேறிய இழை அறுந்தால் இரு முனைகளும் எதிரெதிராகச் சுழன்று தளரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்விழையை உவமையாகக் கொண்டே அணுக்கருப் பிளவைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

அணுப்பிளவு என்றதும் நம் கவிதைகள் ஹிரோசிமாவை நினைக்கின்றன. நினைக்கத்தான் வேண்டும். ஆயினும், பிளந்த துண்டுகள் என்ன ஆகின்றன என்று நாம் கேட்டதில்லை.

1938-இல் யுரேனியத்தில் நியூட்ரானைச் செலுத்திய ஆன், ஸ்ட்ராஸ்மன் இருவரும் அங்கே பேரியத்தைக் கண்டு திகைத்தனர். கரு இரண்டாகப் பிளந்ததென விளக்கியவர்கள் மைட்னரும் பிரிஷ்ஷும். அந்நிகழ்வுக்கு உயிரணுப் பிளவின் பெயரையே இரவல் வாங்கினார் பிரிஷ். இயற்பியலுக்கும் உவமை வேண்டியிருந்தது!

நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. அதில் தோரியம் உண்டு. தோரியத்திலிருந்து ஆக்கிய யுரேனியம் 233-ஐக் கொண்டு கல்பாக்கத்துக் காமினி உலை 1996-இல் இயங்கத் தொடங்கியது. தோரியக் கருவில் புரோட்டான்கள் 90. அது பிளந்து ஒருபால் சிர்க்கோனியம் வந்தால் அதற்கு 40. மறுபால் வெள்ளீயம், அதற்கு 50. கணக்கு தவறுவதில்லை. ஆனால் பெரிய கருவின் நியூட்ரான் மிகுதி துண்டுகளுக்கும் சீதனமாக வந்துவிடுகிறது. சில நியூட்ரான்களை உதறியபின், எஞ்சிய கிளர்ச்சியைத் துண்டுகள் காமா கதிர்களாக வெளியிடுகின்றன. ஒவ்வொரு கருவுக்கும் தனித்த ஆற்றல் வரிசை உண்டு. குரல் கேட்டு ஆளை அறிவதுபோல, ஜெர்மேனியக் கருவிகள் அவ்வரிசையால் கருவை இனங்காண்கின்றன.

சிர்க்கோனியம் 98-இன் முதற்கதிர் ஏறத்தாழ 1,223 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சிர்க்கோனியம் 100-இலோ 213 மட்டுமே. இரண்டே நியூட்ரான் கூடியதில், ஏறக்குறைய உருண்டையாயிருந்த கரு நீண்ட வடிவம் கொண்டுவிட்டது. ஓரசை கூடினால் யாப்பே மாறுவதை அறிந்த உங்களுக்கு இது வியப்பாகாது.

இனி இழைக்கு வருவோம். பிளந்த துண்டுகள் இரண்டும் சுழல்கின்றன. ஒன்றின் சுழற்சி மற்றதைச் சார்ந்திருக்குமா? அறுந்த இழை ‘ஆம்’ என்கிறது. பிரான்சில் ஓர்சே ஆய்வகத்தில் தோரியம் 232, யுரேனியம் 238, கலிபோர்னியம் 252 ஆகியவற்றின் பிளவை ஆராய்ந்த குழு, 2021-இல் ‘இல்லை’ என்றது. ஒரு துண்டின் சராசரிச் சுழற்சி அதன் இணை எது என்பதைச் சார்ந்திருக்கவில்லை. ஆகவே சுழற்சி பிரிந்தபின்னரே பிறக்கிறது என்பது அவர்கள் முடிபு. கோட்பாட்டாளர் சிலர் மாற்று விளக்கமும் தருகின்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

நான் விரும்பிக் கொணர்ந்த உவமை உங்கள் முன்னாலேயே அறுந்தது. வருத்தமில்லை. உவமையால் கேள்வி பிறந்தது. அளவையால் விடை வந்தது. அழகாயிருக்கிறது என்பதற்காகவே பொய்த்த உவமையைப் பற்றிக்கொண்டிராத துணிவு, ஆய்வாளர்க்கு மட்டுமன்றி நமக்கும் வேண்டும். இந்தப் பத்தாண்டுகளில் இவ்வட்டத்திலிருந்து பிரிந்து சென்றோர் உண்டு. அவர்கள் தத்தம் சுழற்சியைத் தாமே பெற்றிருப்பர். அவர்களுக்கும் உங்களுக்கும் என் வாழ்த்து.